கருவியிடம் என்ன கேட்டீர்கள்?



உணவிலும் தண்ணீரிலும் நுண்ணளவில் கலந்திருக்கும் வேதிப்பொருள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். சோதனைக்கூடத்திலேயே தலை நரைத்தவன் நான். ஆனாலும் கருவிகளின் பெருமையை இங்கே அளக்கப்போவதில்லை. மலாக்காவில் நின்று பேசுகிறவன் தோட்டத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. நம்மில் பாதிப் பேருக்கு மேல் தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள், இல்லையென்றால் லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஜாசின் சாலையில் செம்பனை எண்ணெய் ஏற்றிய டாங்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லாரியில் 30 டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால், அந்த லாரி முழுவதற்கும் 30 கிராம். ஒரு பிபிபி, நூறு கோடியில் ஒரு பங்கு என்றால், அதே மாதிரி 33 லாரிகளை வரிசையாக நிறுத்தி அத்தனைக்கும் சேர்த்து ஒரு கிராம். இன்றைய சோதனைக்கூடம் இவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடிப்பதை அன்றாட வேலையாகச் செய்கிறது. 1957இல் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர் எலெக்ட்ரான் பிடிப்புக் கருவியை உருவாக்கினார். அடுத்த பத்தாண்டுக்குள், யாருமே மருந்தடிக்காத அண்டார்டிகாவின் பென்குயின் உடம்பில்கூட டிடிடி பூச்சிக்கொல்லி இருப்பது தெரிந்துவிட்டது. அந்தக் கருவிக்கும் இன்று நாங்கள் வைத்திருப்பவற்றுக்கும் இடையே தூரம் அதிகம்.

இவ்வளவு கெட்டிக்காரக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். கேட்காததைத் தானாக வந்து சொல்லாது.

வங்காளதேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். குளத்துத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கால் பிள்ளைகள் சாகிறார்கள் என்று ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். அந்தத் தண்ணீரைப் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் சோதித்து 1992இல் அறிக்கை கொடுத்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள். ஆர்செனிக்கை மட்டும் பார்க்கவில்லை. ஆனால் கிணறுகளில் இருந்தது ஆர்செனிக்தான். கோடிக்கணக்கானவர்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கப்பட்ட ஒருவர் லண்டன் வரை போய் வழக்குப் போட்டார். 2006இல் பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளுபடி செய்தது. சோதிக்காமல் விட்டதற்காக அந்த நிறுவனம் அவருக்குக் கடமைப்பட்டதல்ல என்பது தீர்ப்பு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு மட்டும் அந்த அறிக்கையை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. அச்சிட்டிருந்த எண் ஒவ்வொன்றும் உண்மை. விட்டுப்போன ஒரே ஒரு வரியில்தான் உயிர் இருந்தது.

அதே ஆர்செனிக் நம் தோட்டங்களிலும் புழங்கியது. இந்த நாட்டின் முதல் ரப்பர் தோட்டமே நம் மாநிலத்தில்தான் பிறந்தது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் போட்டது. ரப்பர் பரவியதோடு லாலாங் புல்லும் பரவியது. அதை ஒழிக்க அன்றைய மலாயாத் தோட்டங்கள் நம்பியது சோடியம் ஆர்செனைட் கரைசலை. புல்லைக் கொல்வதற்கு முன்பே மாட்டைக் கொல்லக்கூடிய சாமான் அது. அதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றும் புதிதல்ல. 1836இலேயே ஜேம்ஸ் மார்ஷ் சொல்லிவிட்டார். சந்தேகப்படும் பொருளோடு துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் ஆர்செனிக் வாயுவாக எழும்பும். அந்த வாயு போகும் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கினால் உள்ளே கறுப்புக் கண்ணாடிபோலப் பளபளவென்று படியும். ஐரோப்பிய நீதிமன்றங்களில் எத்தனையோ விஷக் கொலைகளை அந்தக் கறுப்புப் படிவு காட்டிக்கொடுத்தது. லயத்துக் கிணற்றுத் தண்ணீரை அந்தக் குழாயில் ஊற்றிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆர்செனிக் ஒரு தனிமம். வெயிலில் சிதையாது, மழையில் மக்காது. போன இடத்தில் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். பழைய தோட்டங்கள் பல இன்று தாமான்களாக, அதாவது குடியிருப்புகளாக, ஆகிவிட்டன. அங்கே யாராவது கிணறு தோண்டி அந்தத் தண்ணீரைப் புழங்கினால், சோதனைக்குக் கொடுக்கும்போது ஆர்செனிக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சும்மா "தண்ணீர் நல்லா இருக்கா பாருங்க" என்று கொடுத்தால் கிருமியையும் கலங்கலையும் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

ஆர்செனைட் போன இடத்தில் 1960களின் தொடக்கத்தில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி வந்து உட்கார்ந்தது. கிரமொக்சோன் என்றால் உங்களில் பல அம்மாக்களுக்குத் தெரியும். முதுகில் பம்பு, கையில் குழல், காலை பிரட்டு, அதாவது பேர்ப்பதிவு, முடிந்ததும் வரிசையாக நிரைக்குள் இறங்குவார்கள். பெரும்பாலும் பெண்கள். முதுகுப் பம்பு ஒழுகும். காற்று திரும்பினால் மருந்தும் முகத்துக்குத் திரும்பும். நகம் கறுத்து உரிந்து விழும், மூக்கில் இரத்தம் வடியும், தோல் வெந்துபோகும். என் தாயாரும் மருந்தடிப்பில் இருந்தவர். ஒருமுறை நகம் இரண்டு விழுந்தபோது ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்த பதில், இரத்தம் சுத்தமாக இருக்கிறது, சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லுங்கள் என்பது.

அன்று பார்த்தது என்ன சோதனை என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் சோதனை. மலாத்தியான், மெத்தாமிடோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் உடம்பில் புகுந்தால் அந்த நொதி குறையும். பாராகுவாட் அந்த நொதியைத் தொடுவதே இல்லை. நாள்தோறும் பாராகுவாட்டில் நனைகிறவருடைய இரத்தத்தில் கோலினெஸ்டரேஸை அளந்தால் அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதோடு உடம்புக்குள் போகும் பாராகுவாட்டில் பெரும்பகுதி ஒன்றிரண்டு நாளிலேயே சிறுநீரோடு வெளியேறிவிடும். அதனால் எந்தத் திரவத்தை எடுத்தார்கள், எந்த நாளில் எடுத்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் வரும்.

பாராகுவாட்டுக்கு அதற்கென்றே ஒரு சோதனை உண்டு. பெரிய கருவியே வேண்டாம். சிறிது சிறுநீரில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட்டையும் ஒரு சிட்டிகை சோடியம் டைதயோனைட்டையும் போட்டுக் குலுக்க வேண்டும். பாராகுவாட் இருந்தால் கண்ணெதிரே நீலமாகும். விஷம் குடித்துவிட்டுத் தூக்கி வரப்பட்டவர்களுக்கு மருத்துவமனைகள் இதைத்தான் செய்யும். மருந்தடிப்பவர் உடம்பில் சேரும் அளவு அதைவிட மிகக் குறைவு. நீலம் தெரியாது. அதற்குத் திரவக் குரோமட்டோகிராபியும் நிறைநிறமாலைமானியும் சேர்ந்த கருவி வேண்டும். கருவிகள் இந்த நாட்டில் இல்லாமலில்லை. மருந்தடிப்பவரின் சிறுநீரை அதில் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஆள் வேண்டுமே!

ஐரின் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லிச் செயற்கட்டமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவோடு சேர்ந்து, தோட்டத்துப் பெண்களின் பாதிப்பை 2002இல் நூலாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை நிரைகளுக்கு மருந்தடித்திருப்பார்கள் என்று கணக்குப் போடுவதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இது. காய்கறியிலும் பழத்திலும் பூச்சிக்கொல்லியைத் தேட இப்போது உலகமெங்கும் பழகிப்போன முறைக்கு கெச்சர்ஸ் என்று பெயர். 2003இல் வெளியானது. கீரையை அரைத்து 10 கிராம் எடுக்கிறோம். மூடி போட்ட குழாயில் அசிட்டோநைட்ரைல் ஊற்றி, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் கொட்டி, கை வலிக்கக் குலுக்குகிறோம். குழாய் சூடாகும், மெக்னீசியம் சல்பேட் நீரை உறிஞ்சும்போது வரும் சூடு அது. சுழற்றி எடுத்தால் கீழே தண்ணீரும் கீரைச் சக்கையும், மேலே தெளிந்த பச்சை நிற அசிட்டோநைட்ரைல். அந்த மேலடுக்கைச் சுத்தம் செய்து கருவிக்குள் செலுத்தினால் நூற்றுக்கணக்கான பூச்சிக்கொல்லிகளை ஒரே ஓட்டத்தில் தேடலாம். அருமையான முறை. ஆனால் பாராகுவாட் அந்த மேலடுக்குக்கு ஏறவே ஏறாது. அது மின்னேற்றம் கொண்ட உப்பு; தண்ணீரைவிட்டு வராது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் அப்படித்தான். இரண்டுக்கும் தனித்தனியே வேறு முறை வேண்டும், வேறு செலவு வேண்டும். ஆகவே ஐந்நூறு பூச்சிக்கொல்லிகளைச் சோதித்தோம், ஒன்றும் இல்லை என்று ஓர் அறிக்கை வந்தால், அந்த ஐந்நூறில் நம் தோட்டங்களில் பீப்பாய் பீப்பாயாகக் கொட்டிய இந்த இரண்டும் இல்லாமல் இருக்கலாம்.

இனி செம்பனை எண்ணெய்க்கு வருவோம். இங்கேதான் கதை தலைகீழாகிறது.

செக் நாட்டு வேதியியலாளர்கள், அமிலத்தில் வேகவைத்த புரதச் சாறுகளில் 3-எம்சிபிடி என்ற குளோரின் சேர்ந்த பொருளை 1970களின் கடைசியிலேயே கண்டிருந்தார்கள். சோயா சாஸில் அது பெரிய வழக்கானது. பிறகு 2000களில் அதே பொருள் கொழுப்போடு பிணைந்த வடிவத்தில் சுத்திகரித்த எண்ணெய்களில் இருப்பது தெரிந்தது. எல்லா எண்ணெயிலும் கொஞ்சம் உண்டு, செம்பனையில்தான் அதிகம். கூடவே கிளைசிடில் எஸ்டர் என்று இன்னொன்று. வயிற்றில் அது பிரிந்து கிளைசிடால் ஆகும். கிளைசிடால் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பட்டியலிடப்பட்ட பொருள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 மே மாதம் அறிக்கை வெளியிட்டதும் இத்தாலியில் கடைக்காரர்கள் செம்பனை சேர்ந்த பிஸ்கட்டை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். ஐரோப்பாவில் வரம்புகள் வந்தன. சாதாரண எண்ணெய்க்குக் கிளைசிடில் எஸ்டர் கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராம். குழந்தை உணவுக்குப் போகும் எண்ணெய்க்கு 500. 2021 முதல் 3-எம்சிபிடிக்கும் செம்பனை எண்ணெயில் 2,500, குழந்தை உணவு எண்ணெய்க்கு 750.

இந்த இரண்டும் எங்கிருந்து வருகின்றன? எண்ணெயின் வாசத்தையும் நிறத்தையும் போக்க ஆலையில் 200 டிகிரிக்கு மேல் காய்ச்சும்போது உண்டாகின்றன. அதற்கான கச்சாப்பொருளோ தோட்டத்திலேயே ஏறிவிடுகிறது. மரத்துக்குப் போடும் பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. குளோரின் மண்ணிலிருந்து பழத்துக்கு வரும். குலை விழுந்து அடிபட்டால், உதிரிப்பழம் இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்தால், பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயை உடைக்கும். உடைந்த துண்டுகளில் டைகிளிசரைடு என்பதுதான் பின்னால் கொதிக்கும் எண்ணெயில் கிளைசிடில் எஸ்டராக மாறும். நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகிறவர் பழுத்ததைப் பார்த்து வெட்டினாரா, உதிரி பொறுக்கும் அம்மா அன்றைக்கே சாக்கில் கட்டினாரா, லாரி அதே நாளில் மில்லுக்குப் போனதா என்பதெல்லாம் ரோட்டர்டாமில் ஒரு கருவியின் திரையில் மைக்ரோகிராமாக வந்து நிற்கும்.

அந்த அளவீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. தொடக்க காலத்து ஜெர்மன் முறையில் எண்ணெயை உடைத்த பிறகு, பிரித்தெடுப்பதற்காகச் சாதாரண உப்பு, நம் சமையல் உப்பேதான், கரைத்து ஊற்றினார்கள். உப்பில் இருக்கும் குளோரைடு அங்கிருந்த கிளைசிடாலைப் பிடித்து 3-எம்சிபிடியாக மாற்றிவிட்டது! எண்ணெயில் இல்லாத 3-எம்சிபிடியைச் சோதனைக்கூடமே தயாரித்துக் கணக்கில் சேர்த்தது. பிறகு விழித்துக்கொண்டு, ஒருமுறை குளோரைடு உப்போடும் ஒருமுறை குளோரைடு இல்லாத உப்போடும் செய்து, வித்தியாசத்தைக் கிளைசிடால் கணக்காக எழுதினார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் இப்படித்தான் தட்டுத்தடுமாறி வருவோம். ஆனால் ஓர் எண்ணைப் பார்த்தவுடன் எந்த முறையில் எடுத்தது என்று கேட்கிற பழக்கம் எனக்கு இதனால்தான் வந்தது.

வரம்பு வருவதற்கு முன்பே வேலை வேகமாகத் தொடங்கிவிட்டது. அதே 2016 அறிக்கை, செம்பனை எண்ணெயின் கிளைசிடில் எஸ்டர் 2010க்கும் 2015க்கும் இடையே பாதியாகக் குறைந்திருந்தது என்று சொல்கிறது. கச்சா எண்ணெயைத் தண்ணீரால் கழுவிக் குளோரைடை எடுத்தார்கள், காய்ச்சும் சூட்டைக் குறைத்தார்கள். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் விதிகளைக் கொண்டுவந்தது. நல்லது, எனக்கும் மகிழ்ச்சிதான். ஐரோப்பியக் குழந்தையின் பால்மாவில் ஒரு மைக்ரோகிராம் கூடினால் கப்பலையே திருப்பி அனுப்பும் அளவுக்கு ஏற்பாடு இருக்கிறது. அந்த எண்ணெய் வந்த மரத்தடியில் பம்பு தூக்கியவரின் சிறுநீருக்கு அப்படி ஒரு வரம்பு எங்கே இருந்தது? இரண்டையும் அளப்பது குரோமட்டோகிராபியும் நிறைநிறமாலைமானியும் சேர்ந்த கருவிதான். ஒன்றை வாங்க ஆள் இருந்தார், மற்றதை வாங்க ஆள் இல்லை. வேறு எந்த வேதியியல் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர்க் கதையும் இதே போலத்தான். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன. செம்பனை ஆலைக் கழிவு நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருந்தது. அதை முதலில் 5,000க்கு இறக்கச் சொல்லி, படிப்படியாக 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். உலகத்துக்கே எடுத்துக்காட்டான வேலை. ஆற்றில் மீன் திரும்பியது. ஆனால் அந்த எண் ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கும், களைக்கொல்லியைப் பார்க்காது.

கடலுக்குப் போனால் இன்னும் சுவையான ஆராய்ச்சி ஒன்று உண்டு. நம் கடற்கரைக்கு எதிரே போகிற கப்பல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரையில் ஒதுங்கும் தார் உருண்டை யாருடையது? புத்ரா பல்கலைக்கழகத்தின் மொகமட் பவுசி ஜக்கரியாவும் ஜப்பானின் ஹிடேஷிகே தக்காடாவும் சகாக்களோடு மலாக்கா நீரிணையில் இதை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். கச்சா எண்ணெயில் ஹோப்பேன் என்ற மூலக்கூறுகள் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாக்டீரியாக்களின் சவ்வில் மிஞ்சியவை. ஒவ்வோர் எண்ணெய் வயலுக்கும் அவற்றின் விகிதம் வேறு. அதை வைத்து, கரையொதுங்கிய தாரில் மத்திய கிழக்கு எண்ணெய் இருப்பதையும், அது டாங்கர் கப்பலிலிருந்து வந்ததையும் அடையாளம் காட்டினார்கள். கூடவே ஆற்றுச் சேற்றில் தெரிந்தது வேறு: வண்டி இஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெய். வெளிநாட்டுக் கப்பலைத் திட்டிக்கொண்டே ஒர்க்‌ஷாப் சாக்கடையில் கறுப்பு எண்ணெயை ஊற்றுகிற நம்மையும் அந்த ஹோப்பேன் விட்டுவைக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1988 அக்டோபரில் பேராக்கில் 13 சீனப் பிள்ளைகள் அரிசி நூடல்ஸ் சாப்பிட்டுக் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். நூடல்ஸ் கெடாமலிருக்கச் சேர்த்த போரிக் அமிலத்தின் மேல் உடனே பழி விழுந்தது. போரிக் அமிலமும் இருந்தது, உண்மை. பிள்ளைகளின் உறுப்புகளை ஆராய்ந்தவர்கள் அஃப்லாடாக்சினையும் கண்டார்கள். பூஞ்சணம் விளைவிக்கும் நஞ்சு அது. முதலில் கண்ணில் பட்டதோடு சோதனையை நிறுத்தியிருந்தால் அது வெளியே வந்திருக்காது. நிலக்கடலை, காய்ந்த மிளகாய், கொப்பரை மூன்றும் இல்லாத தமிழ்ச் சமையலறை உண்டா? நம் ஈரக் காற்றில் மூன்றுமே பூஞ்சணத்துக்கு வசதியானவை. கசக்கும் கடலையைத் துப்புங்கள். வறுத்தால் பூஞ்சணம் சாகும்; அது விட்டுச்சென்ற நஞ்சு முழுதாகப் போகாது.

சோதனைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இந்த மாநிலத்திலும் அரசு இரசாயனத் துறைக்குக் கிளை இருக்கிறது. சுகாதார அலுவலகம் வழியாக உணவு மாதிரிகள் அங்கே போகும். தனியார் சோதனைக்கூடங்களும் உண்டு. காசு கொடுத்து நீங்களே ஒரு மாதிரியைச் சோதிக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். பாராகுவாட் சோதனைக்கு எடுக்கும் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்காதீர்கள். அது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் புட்டி கேளுங்கள். எண்ணெய், டீசல் சந்தேகம் என்றால் அதற்கு நேர்மாறு, கண்ணாடிதான் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். எந்த இடம், எத்தனை மணி, முந்தைய நாள் மழையா, மருந்தடித்து எத்தனை நாள் என்று புட்டியின் மேலேயே எழுதுங்கள். அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், எந்த அளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை என்று கேளுங்கள். அந்த எண்ணும் தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காசு உங்களுடையது.

இப்போது கேள்விகளைக் கேட்கலாம். பின்வரிசையில் ஒரு அம்மா அப்போதே கை தூக்கினார், அவர் முதலில் கேட்கட்டும்.